வேடன் வில்லின் தூரம்

வில்லாளர்களைப் பற்றி எழுதும்போது நம்மவர் பேனா சற்று நீளமாகவே ஓடிவிடுகிறது. அம்பு பறந்த தூரத்தைக் காட்டிலும் கதை பறக்கும் தூரம் எப்போதும் அதிகம். நானும் பத்திரிகைத்துறையில் இருந்தவன் என்ற முறையில் இந்தப் பழக்கத்தை நன்கு அறிவேன். 'குறி தவறாத வேடன்' என்ற தலைப்பை எத்தனையோ ஞாயிறு இதழ்கள் அச்சிட்டிருக்கின்றன. எத்தனை அடி தூரத்தில் குறி தவறவில்லை என்று எவரும் கேட்டதில்லை.

அண்மையில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு வாசகர். கல்முனைக்குடியைச் சொந்த ஊராகக் கொண்டு இப்போது வெளிநாட்டில் வாழ்பவர். ஊரிலுள்ள இளைஞர்களுக்காக, நவீன கருவிகள் எவையுமற்ற வெறும் மரவில்லில் ஒரு போட்டி நடத்த வேண்டும் என்பது அவரது ஆசை. "ஒலிம்பிக்கில் 70 மீற்றர் வைக்கிறார்கள். நாமும் அதையே வைக்கலாமா? எங்கள் பக்கத்துக் காட்டு வேடர்கள் நூறு கெஜத்தில் நிற்கும் மானையே வீழ்த்தியவர்கள்தானே?" என்று மின்னஞ்சலில் வினவியிருந்தார். சுருக்கமாகப் பதில் எழுதி முடிக்கக்கூடிய கேள்வியன்று அது. அதனாலேயே இந்தக் கட்டுரை.

மூன்று விற்கள்

கல்முனைக் கரையில் வில் என்றால் மூன்று நினைவுகள் எழும். ஒன்று, பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் பாரதக் கதையோடு உயிர்பெறும் அருச்சுனனின் வில். வடமோடிக் கூத்தின் களரியிலும் அதே வில்லைத்தான் காண்கிறோம். மற்றொன்று, முஸ்லிம் ஊர்களின் பள்ளிவாசல்களிலும் மத்ரசாக்களிலும் ஹதீஸ் பாடங்களின் வழியே கேட்கப்படுவது. அம்பெய்தலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெரிதும் ஊக்குவித்தார்கள் என்பது சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ சிறுபிள்ளைகளும் அறிந்த செய்தி. மூன்றாவது, மேற்கே காட்டில் வாழ்ந்த வேடர்களின் வில்.

முதலிரண்டும் நமக்குக் கதையாகவும் போதனையாகவும் வந்து சேர்ந்தவை. மூன்றாவது மட்டுமே இந்த மண்ணில் வயிற்றுப் பசிக்காக நாள்தோறும் வளைக்கப்பட்டது. ஆயினும் நாம் மிகக் குறைவாக அறிந்திருப்பதும் அதைத்தான்.

வேடர் நிலம் நமக்குத் தூரத்து நிலமன்று. கல்முனையிலிருந்து, கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றைத் தடுத்து அணை கட்டப்பட்ட இங்கினியாகலைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர்தான். அதற்கப்பால் உள்ள நில்கல, தனிகல, ஹெனெபெத்த முதலிய பகுதிகளிலேதான் மானிடவியலாளர் சார்ல்ஸ் செலிக்மனும் அவரது துணைவியார் பிரெண்டா செலிக்மனும் 1907-08 காலப்பகுதியில் வேடர்களைத் தேடிச் சென்றனர். அவர்களது 'தி வெத்தாஸ்' என்ற பெருநூல் 1911 இல் கேம்பிரிட்ஜில் வெளியாயிற்று. மட்டக்களப்புக்கு வடக்கே, தமிழ் பேசி மீன்பிடித்து வாழும் கரையோர வேடர்களுக்கும் அந்நூலில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. அம்பாறை என்ற தனி மாவட்டமே 1961 இல்தான் உருவானது. அதற்கு முன்னர் கடற்கரை ஊர்களும் மேற்கே பொல்லெபெத்தவின் வேடரும் ஒரே மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தனர்.

கொல்லன் பட்டறையில் ஓர் இலை

வேடனின் வில்லைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தமானது றொபர்ட் நொக்ஸ் தருவது. 1660 இல் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகளின் பின் தப்பிச் சென்ற இந்த ஆங்கிலேய மாலுமி 1681 இல் தமது நூலை வெளியிட்டார். காட்டு வேடர்கள் இரவில் கொல்லனின் பட்டறைக்கு வருவார்களாம். தமக்கு வேண்டிய அம்பு அலகின் வடிவத்தை ஓர் இலையில் வெட்டி, அதனோடு இறைச்சியையும் தொங்கவிட்டுச் செல்வார்களாம். கொல்லன் அதேபோல் அலகு செய்து வைத்தால் மீண்டும் இறைச்சி கிடைக்கும். செய்யாது விட்டால் இரவில் அம்பு வரும்.

இந்தச் செய்தியைப் பலரும் 'மௌன வாணிபம்' என்ற விந்தைக்காக மேற்கோள் காட்டுவர். எனக்கோ அந்த இலைதான் முக்கியம். தனக்கு வேண்டிய அலகின் நீளமும் அகலமும் வேடனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. எடுத்த அலகையே ஏற்றுக்கொள்ளும் ஆள் அவனல்லன்.

அந்த அலகு எத்தகையது? 1850களில் இலங்கைக் காடுகளில் துப்பாக்கியோடு திரிந்த சாமுவேல் பேக்கர் வேடரின் ஆயுதத்தை விவரித்திருக்கிறார். ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள, ஒரே மரத்தாலான வில், மரப்பட்டை நாரில் முறுக்கிய நாண், மூன்றடி அம்பு, அதன் முனையில் கத்தி போன்று நீண்ட தட்டையான இரும்பு அலகு, வாலில் மயிலிறகு. அம்பியல் அறிந்த எவரும் இந்த விவரத்தைக் கண்டதும் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். நீண்ட, பாரமான அலகு கொண்ட அம்பு தொலைதூரம் பறப்பதற்கு உகந்ததன்று. அது அருகில் நின்று எய்யப்பட்டு, அகலமாக வெட்டி, இரத்தத்தைப் பெருக்கி விலங்கை வீழ்த்துவதற்காக அமைந்தது. துப்பாக்கி ரவை அதிர்ச்சியால் கொல்கிறது. அம்பு வெட்டினால் கொல்கிறது. ஆகவே அம்பின் அலகைப் பார்த்தே அது எய்யப்பட்ட தூரத்தை ஊகித்துவிடலாம்.

வந்தவர்கள் வைத்த சோதனை

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் குறிப்புகளைப் படிப்போர் இரண்டு குரல்களைக் கேட்பர். ஒரு குரல், வேடர் ஒப்பற்ற வில்லாளர், காலால் வில்லை வளைத்து யானையையும் வீழ்த்துவர் என்று வியக்கிறது. மற்றக் குரல், நேரில் எய்யச் சொல்லிப் பார்த்தோம், அப்படியொன்றும் பிரமாதமில்லை என்று உதட்டைப் பிதுக்குகிறது.

இரண்டும் ஒரே தவறிலிருந்து பிறந்தவை என்பது என் எண்ணம். தூரத்தில் ஒரு குறியை நட்டு, அதை அடிப்பதுதான் வில்லாண்மை என்ற அளவுகோலைத் தமது நாட்டின் புல்வெளியிலிருந்து அவர்கள் கொண்டுவந்தனர். இங்கிலாந்தில் அம்பெய்தல் அக்காலத்தில் கனவான்களின் விளையாட்டு. அறுபது, எண்பது, நூறு கெஜம் என்று அளந்து வைக்கப்பட்ட தூரங்கள். அதற்கும் முன்னர் அது போர்ப் பயிற்சி. 24 வயதைத் தாண்டியவர் 220 கெஜத்துக்குக் குறைந்த தூரத்தில் எய்யலாகாது என்று எட்டாம் ஹென்றியின் 1541 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அந்த அளவுகோலால் வேடனை அளந்தவர்கள், அவன் தேறாதபோது ஏளனம் செய்தனர். அளந்தே பாராதவர்கள் புகழ்ந்து தள்ளினர். அவன் எங்கே நின்று எய்தான் என்று காட்டுக்குள் பின்தொடர்ந்து சென்று பார்த்தவர்கள் மிகச் சிலர்.

செலிக்மன் தம்பதியர் பதிவுசெய்த சடங்குகளை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். வேட்டையில் வல்லவனாக வாழ்ந்து மறைந்து தெய்வமான கந்தே யக்கவை அழைக்கும் ஆட்டத்தில், ஆவேசம் கொண்ட பூசாரி வில்லும் அம்பும் ஏந்தித் தரையை உற்றுநோக்கி, மரையின் காலடித் தடத்தைத் தேடித் தொடர்வான். தெய்வமே இறங்கிவந்தாலும் முதலில் தேடுவது தடத்தைத்தான். வேடர்கள் தம் கலையின் உயிர் எங்கே இருக்கிறதென்று தாமே கூறிவிட்டார்கள். கேட்டவர்களுக்குத்தான் காதில் விழவில்லை.

இதே கதை உலகின் வேறொரு மூலையிலும் நிகழ்ந்தது. கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் எஞ்சிய கடைசி மனிதரான இஷி 1911 இல் காட்டிலிருந்து வெளிப்பட்டார். சான் பிரான்சிஸ்கோவில் அவரிடம் வில்வித்தை பயின்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப், 1923 இல் வெளியிட்ட தமது நூலில் அதை விவரிக்கிறார். நீண்ட தூரத்து வட்டப் பலகையில் இஷி சோபிக்கவில்லை. ஆனால் அருகிலுள்ள சிறிய குறிகளிலும், விலங்கை நெருங்கிச் செல்வதிலும், அதைத் தன்னிடம் வரவழைப்பதிலும் அவருக்கு நிகராக எவரும் இல்லை.

தனி மனிதர் கதை போதாதென்போருக்கு ஒரு தொகுப்பாய்வும் உண்டு. உலகெங்குமுள்ள வேட்டைச் சமூகங்களைப் பற்றிய பதிவுகளை ஒன்றுதிரட்டி ஸ்டீவன் சேர்ச்சில் என்ற மானிடவியலாளர் 1993 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன்படி வில்லின் பயனுள்ள வேட்டைத் தூரம் சராசரியாக 26 மீற்றர் அளவுதான். கையால் எறியும் ஈட்டிக்கு அது 8 மீற்றருக்கும் குறைவு.

இருபது மீற்றரின் கணக்கு

ஏன் இத்தனை குறைவு? இதற்கு மானிடவியல் வேண்டாம்; பாடசாலைப் பௌதிகமே போதும்.

அம்பு செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்தில் செல்கிறது என்று கொள்வோம். மரவில்லுக்கு இது தாராளமான வேகம். காற்றின் தடையையும் விட்டுவிடுவோம். 15 மீற்றரைக் கடக்க 0.3 செக்கன், 40 மீற்றருக்கு 0.8 செக்கன், 70 மீற்றருக்கு 1.4 செக்கன் செல்லும். நாணின் ஒலியோ செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் வேகத்தில் முந்திக்கொண்டு ஓடும். 40 மீற்றரில் நிற்கும் புள்ளிமான் ஒலியைக் கேட்ட பிறகும் அம்பு வருவதற்கு 0.7 செக்கன் அளவு அவகாசம் இருக்கிறது. மானுக்கு அது நிறைய நேரம். 15 மீற்றரில் நின்றாலோ கால் செக்கன்தான்.

அடுத்தது தூரத்தை மதிப்பிடுவதில் நேரும் பிழை. காட்டில் எவரும் அளவுநாடா பிடித்து வைப்பதில்லை. 40 மீற்றரை 35 என்று கண் தவறாகக் கணித்தால், மேற்சொன்ன வேகத்தில் அம்பு குறிக்கு 39 சென்றிமீற்றர் கீழே செல்லும். 15 மீற்றரை 13 என்று கணித்தாலோ, ஏறத்தாழ அதே விகிதப் பிழைதான், அம்பு 6 சென்றிமீற்றர் மட்டுமே தாழும். மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு என்று கொண்டால், முதலாவது அம்பு வயிற்றிலோ காலிலோ பாயும், அல்லது வெறும் புல்லில் விழும். இரண்டாவது அம்பு உயிர்நிலையிலேயே தைக்கும். ஒரே கண், ஒரே கை, ஒரே வில். முடிவை மாற்றுவது தூரம் ஒன்றுதான்.

ஆகையால், 40 மீற்றரில் அடிக்கப் பயிலுவதைவிட 40 ஐ 15 ஆக்கப் பயிலுவதே வேடனுக்குப் பயன் தந்தது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, காய்ந்த சருகில் எந்தக் கால் முதலில் பட வேண்டும், வரட்சி மாதங்களில் எந்த நீர்க்குழிக்கு எந்நேரம் மான் வரும் என்பவையே அவன் கற்ற கல்வி. அம்பை விடுவது அதன் கடைசி எழுத்து மாத்திரமே.

நமது பழம் மரபும் இதை அறியாததன்று. புறநானூற்றின் 152 ஆம் பாடலில் வன்பரணர், வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் தைத்ததாகப் பாடுகிறார். புலவரின் மிகை அது. ஆயினும் மிகை எந்தத் திசையில் செல்கிறதென்று பாருங்கள். அம்பு பாய்ந்த ஆழத்தைப் புகழ்கிறாரேயன்றி, பறந்த தூரத்தை அவர் புகழவில்லை. திரௌபதையின் சுயம்வரத்தில் அருச்சுனன் வென்றதும் சிறிய குறியைத்தான், நீண்ட தூரத்தையன்று.

மூன்று தூரங்கள்

வில்லுக்கு மூன்று வெவ்வேறு தூரங்கள் உண்டு என்பதைப் பிரித்தறிந்தால் குழப்பம் தீரும்.

முதலாவது எறிதூரம். அம்பு எங்கே விழுகிறது என்பது மட்டுமே இங்கு கணக்கு. இதில் உலகை வியக்க வைத்தவர்கள் உஸ்மானியத் துருக்கியர். இஸ்தான்புல்லின் ஒக்மெய்தான் திடலில் சாதனை அம்புகள் விழுந்த இடங்களில் கற்கள் நாட்டப்பட்டன. 1790களில் லண்டனிலிருந்த துருக்கியத் தூதரகச் செயலாளர் மஹ்மூத் எஃபெந்தி, 400 கெஜத்துக்கும் அப்பால் எய்து ஆங்கிலேயரை வாயடைக்கச் செய்தார். துருக்கிய மரபு அம்பெய்தல் 2019 இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அந்த அம்பு இலேசானது, கொல்வதற்காக ஆனதன்று.

இரண்டாவது இலக்குத் தூரம். ஒலிம்பிக்கின் 70 மீற்றர் இந்த வகை. பலகையின் விட்டம் 122 சென்றிமீற்றர். பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்றிமீற்றர். வில்லில் குறிபார்க்கும் கருவியும் அதிர்வைத் தணிக்கும் தண்டுகளும் உண்டு. தூரம் முன்கூட்டியே அறியப்பட்டது, பலகை அசையாது. அங்கே சோதிக்கப்படுவது ஒரே அசைவை நூறு தடவை மாறாமல் செய்யும் ஒழுங்கு. அது அரிய கலை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது வேறு கலை.

மூன்றாவது வேட்டைத் தூரம். விலங்கு துன்பமின்றி உடனே வீழ்வது உறுதியாகும் தூரம். மேலே கண்டவாறு அது மரவில்லுக்கு 15 முதல் 25 மீற்றர் வரைதான்.

இந்த மூன்றாவது தூரத்துக்கு ஓர் அறமும் உண்டு. நம் ஊர் முஸ்லிம் வாசகர்கள் இதை நன்கு அறிவர். அம்பெய்தலைப் போற்றும் அதே நபிமொழித் தொகுப்புகளில், உயிருள்ளதை வெறும் குறியாக வைத்து எய்வது தடுக்கப்பட்டிருக்கிறது. ஹாத்திமின் மகன் அதீ (ரலி) அவர்கள் வேட்டையைப் பற்றிக் கேட்டபோது கிடைத்த விளக்கங்களும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளன. கூர்முனை தைத்து இறந்ததை உண்ணலாம்; பக்கவாட்டில் மோதி இறந்ததை உண்ணலாகாது. எய்யப்பட்டது நீரில் விழுந்து இறந்திருந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். அதாவது, அம்பு எப்படிப் பட்டது, விலங்கு எதனால் இறந்தது என்பதற்கு எய்தவன் பொறுப்பாளி. அந்தப் பொறுப்பை 70 மீற்றரிலிருந்து எவராலும் ஏற்க முடியாது. பொழுதுபோக்குக் குறிக்கும் உயிருக்கும் இடையே கோடு கிழித்த மரபுக்கு, போட்டித் தூரத்தையும் வேட்டைத் தூரத்தையும் ஒன்றாக்குவது அழகன்று.

இழந்தது வில்லை அன்று

1937 ஆம் ஆண்டின் விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையை வரம்புக்குள் கொண்டுவந்தது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அணையையும் சேனநாயக்க சமுத்திரத்தையும் நமக்குத் தந்தது. கிழக்குக் கரையின் வயல்கள் அதனால் செழித்தன. சம்மாந்துறையின் நெல்லை உண்ட எவரும் அதை மறுக்க இயலாது. ஆனால் நீரில் மூழ்கியவற்றுள் வேடர் திரிந்த காடுகளும் இருந்தன. 1983 இல் மாதுரு ஓயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது தம்பானைப் பகுதி வேடரின் வேட்டை நிலமும் சட்டத்தால் மூடப்பட்டது. குடியேற்றத்துக்குச் செல்ல மறுத்துத் தம் மண்ணிலேயே இருந்த மூத்த தலைவர் ஊருவரிகே திசாஹாமி 1998 இல் காலமானார்.

காட்டு விலங்குகள் காக்கப்பட வேண்டியவையே. மீண்டும் வேட்டையைத் திறந்துவிடுங்கள் என்று நான் வாதிடவில்லை. எனினும் இழந்தது என்னவென்று சரியாக எழுதி வைப்பது பத்திரிகைக்காரனின் கடமை. வில் இன்றும் இருக்கிறது; தம்பானையில் வரும் பயணிகளுக்காக அதை வளைத்துக் காட்டுகிறார்கள். பயணிகளும் 'இன்னும் தூரம், இன்னும் தூரம்' என்றுதான் விரும்புகிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வெள்ளைக்காரத் துரைமார் வைத்த அதே சோதனையை இன்று நாம் கைத்தொலைபேசிக் கமெராவோடு வைக்கிறோம். வில்லோடு சேர்ந்திருந்த நெருங்கிச் செல்லும் அறிவு, காட்டுக்குள் போகாத ஒரு தலைமுறையோடு ஓசையின்றி மறைந்துகொண்டிருக்கிறது. அதைப் பாதுகாக்க அரும்பொருட்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டி உதவாது.

கல்முனைக்குடி நண்பருக்கு என் பதில் இதுதான். மரவில்லுக்கு 70 மீற்றர் வேண்டாம். உலக அம்பெய்தல் சம்மேளனமே விலங்குருவப் போட்டிகளில் மரபு விற்களுக்கு 5 முதல் 30 மீற்றர் வரைதான் வைக்கிறது. கப்பிகள் பொருத்திய நவீன வில்லுக்குக்கூட அங்கே 45 மீற்றர்தான் எல்லை. மிக முக்கியமாக, அங்கே தூரம் எழுதி வைக்கப்படுவதில்லை. எய்பவர் தம் கண்ணால் மதிப்பிட வேண்டும். உங்கள் போட்டியிலும் அவ்வாறே செய்யுங்கள். உருவங்களைத் தென்னஞ்சோலைக்குள் வெவ்வேறு இடங்களில் மறைத்து வையுங்கள். ஆளுக்கு ஓர் அம்பு மாத்திரம் கொடுங்கள். பின்புறத்தில் மண்மேடும், ஆள்நடமாட்டமற்ற வெளியும் இருக்கின்றனவா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். முடிந்தால் பொல்லெபெத்தவிலிருந்து ஒரு முதியவரை அழையுங்கள். எய்து காட்டுவதற்காக வேண்டாம், எங்கே நின்று எய்ய வேண்டும் என்று சொல்லித் தருவதற்காக.

பதினைந்து மீற்றரில் எய்தால் பார்ப்பவர்கள் கைதட்டமாட்டார்களே என்று கவலைப்பட வேண்டாம். வேடன் கைதட்டலுக்காக ஒருநாளும் எய்ததில்லை.